விசாகம் யார் வீட்டில்

பகவதிப்பெருமாள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி வைத்திருந்தார், போலீஸ் வளைத்த ஆளைப் போல. கண் மட்டும் கம்ப்யூட்டர் திரையில் இருந்தது.

"நல்லாப் பாத்துக்கிடும் வேய். எனக்க கை இங்கல்லா இருக்கு? நான் ஒண்ணையும் தொடல்ல."

மஹேஷ் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். யாரும் எதையும் தொடாமலே திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்து நின்றது. உங்கள் கணக்கு பூட்டப்பட்டுவிட்டது, நிர்வாகியை அணுகவும்.

நிர்வாகி மஹேஷ்தான். காலையிலிருந்து இது ஐந்தாவது முறை.

"இப்போ சொல்லும். பேயா, பிசாசா?"

"பேய்க்கு பாஸ்வேர்டு வேண்டாம் சார். இது மனுஷாதான்," என்றான் மஹேஷ்.

கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே, இரண்டாவது மாடியில் இருந்தது பெருமாள் அண்ட் சன்ஸ் கிளியரிங் ஏஜென்சி. சன்ஸ் யாரும் கிடையாது. கனடாவில் அஞ்சு என்று ஒரே மகள். விழிஞ்ஞம் துறைமுகத்தில் ஏறும் கன்டெய்னர்களுக்குக் காகிதம் தயாரித்துக் கொடுப்பது தொழில். இன்று நாற்பத்தொரு கன்டெய்னர்கள். ஒவ்வொன்றுக்கும் பெருமாள் தன் கணக்கில் பாஸ்வேர்டு அடித்து, டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மணிக்குக் கெடு. அதற்குள் முடியாவிட்டால் கப்பல் அந்தக் கன்டெய்னர்களை விட்டுவிட்டுப் போய்விடும்.

மஹேஷுக்கு இன்னொரு கெடுவும் இருந்தது. அவனுடைய ஆறு மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. நிரந்தர உத்தரவு அச்சடித்துப் பெருமாளின் மேஜையில் கிடந்தது. காலையில் அதைக் கையில் எடுத்தவர், கணக்கு பூட்டிக்கொண்டதும் திரும்பக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"நாப்பத்தொண்ணும் போச்சுன்னா கையெழுத்து, போகல்லேன்னா உமக்கு வேற இடம்," என்றிருந்தார்.

மஹேஷ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். விளக்கம் சொல்வதென்றால் அவனுக்கு நேரம் தெரியாது.

"சார், கணக்குல ரெண்டு ஜாதி. ஒண்ணு லோக்கல். அது அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள மட்டும் செல்லும். அடுத்த பெட்டிக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. இன்னொண்ணு டொமைன். அதுல உங்க பேரும் பாஸ்வேர்டும் சர்வர்ல, ஒரே பதிவேட்டுல இருக்கும். நீங்க எந்தப் பெட்டில உக்காந்து அடிச்சாலும் அது சர்வரைக் கேக்கும், இவர் சொல்றது சரிதானான்னு. அஞ்சு தடவை தப்பா வந்தா சர்வர் பூட்டிடும்."

"நான் ஒரு தடவை கூடத் தப்பா அடிக்கல்லியே?"

"நீங்க அடிக்கலை. வேற யாரோ, வேற எங்கேருந்தோ, உங்க பேர்ல அடிக்கறா."

பெருமாள் கைகளை இறக்கினார். "எனக்க பேர்லயா? எவம்வே அவன்?"

"அந்த அஞ்சு தடவைங்கற கணக்கை எடுத்துட்டா?" என்று அவரே கேட்டார் உடனே.

"கப்பல் கம்பெனிக்காரா அதைத்தான் முதல்ல பாப்பா சார். ஒப்பந்தத்துலயே எழுதிருக்கு. எடுத்தா, கப்பலே நமக்கு இல்லை."

அதனால் மஹேஷ் பாஸ்வேர்டை மாற்றினான். பழைய பாஸ்வேர்டு யாருக்காவது கிடைத்திருக்கலாம் என்பது அவன் கணிப்பு. புதியது பதினான்கு எழுத்து, நடுவில் ஒரு நட்சத்திரக் குறி, ஒரு டாலர். பெருமாள் அதை இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, வலது ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். வியர்வையில் டாலர் அழிந்து வெறும் எஸ் ஆனது.

மூன்று நிமிடத்தில் மறுபடி பூட்டு. இதுவரை வெளி ஆள் ஒருவன்தான் தப்பாக அடித்துக்கொண்டிருந்தான். இப்போது பெருமாளும் சேர்ந்துகொண்டார்.

மஹேஷ் அடுத்த வழிக்குப் போனான். புதிதாக ஒரு கணக்கே திறந்தான், பெருமாள்2 என்று. உள்ளே போனதும் திரை துடைத்து வைத்த பலகை மாதிரி இருந்தது.

"எனக்க ஃபைலெல்லாம் எங்க? அஞ்சுக்க போட்டோ எங்கவே?"

"எல்லாம் பத்திரமா இருக்கு சார். பழைய கணக்குக்குள்ள இருக்கு. புதுக் கணக்குன்னா புது ஆள் மாதிரி. புது ஆளுக்கு எதுக்கு உங்க ஃபைல்?"

"கையெழுத்து?"

டிஜிட்டல் கையெழுத்தும் பழைய கணக்குக்குள்தான் இருந்தது.

பெருமாள்2 அழிக்கப்பட்டார்.

பதினொன்றரை மணிக்கு இருவரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மஹேஷ் சர்வர் அறையில் நின்று பூட்டைத் திறந்துவிட்டு "சார்!" என்று கத்துவான். அடுத்த பூட்டு விழுவதற்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் இருக்கும். அதற்குள் பெருமாள் எத்தனை காகிதத்தில் முடியுமோ அத்தனையில் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பதினான்கு எழுத்து. நான்கு முறை கத்தியதில் ஆறு காகிதம் போனது. ஐந்தாவது முறை கத்தியபோது கீழே பஸ் நிலையத்தில் நெடுமங்காட்டு பஸ் ஹாரன் அடித்ததில் பெருமாளுக்குக் கேட்கவில்லை.

மணி பன்னிரண்டு. பாக்கி முப்பத்தைந்து.

அப்போதுதான் மஹேஷ் சர்வரின் பதிவேட்டை நிதானமாகப் படித்தான். ஒரு கணக்கு பூட்டப்படும்போது, அதைப் பூட்டவைத்தது எந்தக் கம்ப்யூட்டர் என்றும் சர்வர் எழுதி வைக்கும். முதலிலேயே இதைத்தான் பார்த்திருக்க வேண்டும். பயந்தவன் கை தெரிந்த பொத்தானைத்தான் முதலில் அழுத்துகிறது.

ஒவ்வொரு பூட்டுக்கும் நேரே ஒரே பெயர் இருந்தது. VISAKHAM.

மஹேஷ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். அவனுக்கு முன் இங்கே வேலை பார்த்த கிருஷ்ணகுமார் கம்ப்யூட்டர்களுக்கு எண் கொடுக்கவில்லை. எண் கொடுத்தால் யாருடையது என்று மறந்துவிடும் என்று, உட்காரும் ஆளின் ஜன்ம நட்சத்திரத்தையே பெயராக வைத்துவிட்டான். கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்வதைப் போல. ராஜஸ்ரீ உட்காருவது CHITHIRA. பெருமாளுடையது ANIZHAM, அதாவது அனுஷம். ஒவ்வொன்றின் முகப்பிலும் வெள்ளை ஸ்டிக்கர். பிறகு அவன் துபாய் போய்விட்டான். அவனுடைய பழைய நம்பரில் இப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு கோழிக்கடை.

மஹேஷ் இருபத்திரண்டு பெட்டிகளின் முகப்பையும் குனிந்து பார்த்தான். விசாகம் இல்லை.

"கொரோனாவுல வீட்டுக்குக் கொண்டு போனதுல ஒண்ணா இருக்கும்," என்றாள் ராஜஸ்ரீ. காகிதப் பிரிவு அவள் பொறுப்பு. "ஆளாளுக்கு ஆட்டோல ஏத்திண்டு போனா. திரும்பி வந்தது பாதிதான்."

மஹேஷுக்கு முழுப் படமும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. ஓடிப்போய்ப் பெருமாளிடம் சொன்னான்.

"சார், வீட்டுக்குப் போன பெட்டி எல்லாத்துலயும் கிருஷ்ணகுமார் ஒரே லோக்கல் கணக்கு போட்டிருக்கான். கம்பெனி பேர்ல, 'பெருமாள்'னு. டொமைன்ல உங்க கணக்கும் 'பெருமாள்'. பேர் ஒண்ணு, பாஸ்வேர்டு வேற. அந்தப் பெட்டி யாராத்துலயோ இருந்துண்டு நம்ம ஷேர் ஃபோல்டரைத் திறக்கப் பாக்கறது. தன்கிட்ட இருக்கற பேரையும் பாஸ்வேர்டையும் நீட்டறது. சர்வர் பதிவேட்டுல பாக்கறது: பெருமாள்னு ஒருத்தர் இருக்கார், பாஸ்வேர்டு மட்டும் தப்பு. அஞ்சு தடவை, பூட்டு! பாவம், அது மேலயும் தப்பில்லை. அது தன் பேரைத்தான் சொல்றது."

அவன் முகம் மலர்ந்திருந்தது. பெருமாளின் முகம் மலரவில்லை.

"வீட்டுக்குப் போன மத்தப் பெட்டி?"

"திரும்பி வந்ததுல எல்லாம் அந்தக் கணக்கை நான் அழிச்சாச்சு. திரும்பி வராதது எங்க இருக்கோ. உங்காத்துல கம்ப்யூட்டர் ஏதாவது..."

"எனக்க வீட்டுல இந்த லேப்டாப்பைத் தவிர ஒண்ணும் கிடையாது. பின்ன, நான் அனுஷம் வேய். முப்பத்திரண்டு வருஷமா மாசாமாசம் அனுஷத்தன்னைக்குப் பழவங்காடிக் கோயில்ல தேங்கா உடைக்கேன். நீரு விசாகத்தைப் பிடிச்சுக் கொண்டாரும்."

பிடிப்பதற்கு ஒரே வழி, ஒவ்வொருவரிடமும் போய் நட்சத்திரம் கேட்பது. மஹேஷ் ராஜஸ்ரீயிடமிருந்து தொடங்கினான்.

"வீட்ல இருக்கறவாளுக்கெல்லாம் என்ன நட்சத்திரம்?"

ராஜஸ்ரீ பேனாவை மூடி வைத்தாள். "என் தங்கை மீராவுக்கா கேக்கறேள்? ரேவதி. பாரத்வாஜ கோத்ரம். உங்க தம்பி சுமந்துக்குத்தானே? அம்மாகிட்ட நேத்திக்குத்தான் சொல்லிண்டிருந்தேன்."

"இல்லை ராஜஸ்ரீ, இது கம்ப்யூட்டருக்கு."

"எல்லாருமே இப்போ கம்ப்யூட்டர்லதான் பொருத்தம் பாக்கறா," என்றாள் அவள், போனை எடுத்துக்கொண்டே.

மஹேஷ் அடுத்த மேஜைக்கு ஓடினான். பின்னாலேயே பேச்சும் ஓடியது. பன்னிரண்டரைக்குள் அது அவனைத் தாண்டிப் போய்விட்டது. முதலாளி காலையில் ஜோசியரைப் பார்த்தாராம். விசாகத்துக்காரன் ஒருவனால்தான் கம்பெனிக்குத் தடங்கலாம். கண்டுபிடித்து அனுப்பப் போகிறார்களாம். மஹேஷ் ஏழாவது மேஜைக்குப் போனபோது அலுவலகத்தில் விசாகத்தில் பிறந்தவர் ஒருவரும் இல்லை. இரண்டு பேர் நட்சத்திரமே பார்ப்பதில்லை என்று சொன்னார்கள். அதில் ஒருவரின் நெற்றியில் மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம்.

மஹேஷ் ஆட்களை விட்டுவிட்டு கம்பியைப் பிடிக்க முடிவு செய்தான். வீட்டிலிருக்கும் பெட்டி வி.பி.என். என்ற வெளிவழியாகத்தான் உள்ளே வர முடியும். அந்த வழிக்கு எல்லோருக்கும் சேர்த்து ஒரே பாஸ்வேர்டு, அதுவும் கிருஷ்ணகுமாரின் ஏற்பாடு. அதை மாற்றினால் விசாகம் வெளியே நிற்கும். மாற்றினான்.

நாற்பது நொடியில் போன் வந்தது. விழிஞ்ஞம் கிளையிலிருந்து சுஜின்.

"மஹேஷ் சேட்டா, லைன் போயி! ஒண்ணும் கிட்டல்ல. இங்க கேட்டுல பதினெட்டு லாரி நிக்குது, டிரைவர்மாரு என்னைக் கொல்லும் கேட்டோ!"

விழிஞ்ஞத்துக்கும் அதே வழிதான்.

"உங்க கிளையில இருக்கற அஞ்சு பெட்டிக்கும் புது பாஸ்வேர்டு தரேன் சுஜின், எழுதிக்கோ."

"சேட்டா, அஞ்சுல மூணு பெட்டி இங்க இல்ல, யார்டுக்குள்ள தூரத்துல இருக்கு. அங்க போய் அடிக்க ஒரு மணிக்கூர். பழையதையே போடு சேட்டா, தயவாயிட்டு!"

பழையதையே போட்டான். விழிஞ்ஞம் உள்ளே வந்தது. கூடவே விசாகமும் வந்தது. அரை நிமிடத்தில் பெருமாளின் அறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அச்சில் போடத் தக்கதல்ல.

மணி ஒன்றரை. டிரைவர் பேச்சிமுத்து முதலாளி வீட்டிலிருந்து சாப்பாட்டு கேரியருடன் வந்தான். பெருமாள் கேரியரைத் திறக்கவே இல்லை.

"அய்யா, சாம்பாரு ஆறிப் போவும்லா," என்றான் பேச்சிமுத்து.

"ஆறட்டும். நீ என்ன நட்சத்திரம்ல?"

"பூரட்டாதி, அய்யா!" என்றான் அவன், கேட்டு முடிப்பதற்குள். வாசலைத் தாண்டும் முன் விஷயம் முழுவதையும் ராஜஸ்ரீயிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். கட்டாமல் விட்டுப்போன அப்பளத்தை எடுத்துவர மறுபடி வீட்டுக்கு வண்டியை விட்டான்.

இரண்டு மணி. மஹேஷ் கத்த, பெருமாள் அடிக்க, பதினேழு காகிதம் போயிருந்தது. மஹேஷின் தொண்டை கட்டிவிட்டது.

அந்த நேரத்தில் பில் பிரிவு ராகேஷ் சர்வர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அண்ணே, நான் சோதி நட்சத்திரம்னு சொன்னேன்லா? பொய். நான் விசாகம். பெட்டியும் எங்க வீட்டுலதான் இருக்கு. சின்னவன் அதுல பாடம் படிக்கான். திருப்பிக் கேப்பாங்கன்னு சொல்லல்ல. எனக்க வேலை போயிருமா?"

மஹேஷுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. "போன் பண்ணி அணைக்கச் சொல்லு! இப்பவே!"

"அணைச்சுத்தான் இருக்கு அண்ணே. ரெண்டு நாளா கரன்ட் கனெக்ஷன் லூஸு."

"அணைச்சிருக்கா?"

"ஸ்டிக்கர் படத்தை எங்க வீட்டுக்காரி அனுப்பியிருக்கா, பாருங்க."

படத்தில் வெள்ளை ஸ்டிக்கர் தெளிவாக இருந்தது. VISAKHAM2.

கதவு திறந்தது. பெருமாள். அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"கிடைச்சிட்டான்லா! ராகேஷே, உனக்க பையை எடு."

ராகேஷ் சுவரோடு சாய்ந்தான். மஹேஷ் பேசாமல் நின்றாலே போதும். ஆள் கிடைத்துவிட்டான், பழி போய்விட்டது, கவிழ்த்து வைத்த காகிதம் நிமிர்ந்தாலும் நிமிரலாம்.

"இவன் இல்லை சார்," என்றான்.

"விசாகம்னு அவனே சொல்லுதான்!"

"ஒரே வலைக்குள்ள ஒரே பேர்ல ரெண்டு பெட்டி இருக்க முடியாது சார். சர்வர் விடாது. அதான் இவனுக்கு ரெண்டுன்னு வச்சிருக்கான். ரெண்டு இருக்குன்னா, இவனுக்கு முந்தியே யாருக்கோ ஒண்ணு கொடுத்தாச்சு. நம்மைப் பூட்டறது அந்த ஒண்ணு. இவன் பெட்டில கரன்டே இல்லை."

பெருமாள் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு இருபது.

"அப்போ அந்த ஒண்ணாம் விசாகம் நம்ம ஆளுகள்ல ஒருத்தன்தான். காலம்பறலேருந்து இருந்து வேடிக்கை பாக்கான்." அவர் வெளியே வந்து ஹாலின் நடுவில் நின்றார். இருபத்திரண்டு நாற்காலிகளும் திரும்பின.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. விசாகத்துக்காரன் எவன்னு இப்போ சொன்னா மரியாதை. பொறவு தெரிஞ்சா, அவன் எத்தனை வருஷம் இங்க இருந்தவனானாலும் சரி, எனக்கு எவ்வளவு வேண்டப்பட்டவனானாலும் சரி, இன்னைக்கே வீட்டுக்குப் போலாம். மஹேஷே, மூணு மணி வரைக்கும் அவன் கிடைக்கல்லேன்னா நீரும் கூடவே போலாம்."

மஹேஷ் சர்வர் அறைக்கு ஓடினான்.

மஹேஷ் கத்தினான். பெருமாள் அடித்தார். இருபத்திரண்டு. இருபத்துநான்கு. பூட்டு. மறுபடி கத்தினான், குரல் கீச்சென்று வந்தது. இருபத்தாறு. பூட்டு. மூன்று மணிக்குப் பத்தொன்பது நிமிடம் இருந்தது, காகிதம் பதினைந்து இருந்தது. மஹேஷ் சர்வர் அறையை விட்டுப் பெருமாளின் அறைக்கே வந்து நின்றான். மேஜையில் கவிழ்ந்து கிடந்த காகிதத்தின் பின்புறத்தில் தன் பெயரின் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிவதைப் பார்த்தான்.

மேஜைப் போன் அடித்தது. பெருமாளின் இடது கையில் பாஸ்வேர்டு, வலது விரல் கீபோர்டில். முழங்கையால் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினார்.

"இஞ்சேருங்க, நான்தான்." அவர் மனைவி பகவதியம்மாளின் குரல் அறையைத் தாண்டி ஹால் வரை போனது. "அப்பளத்துக்கு வந்த பேச்சிமுத்து என்னமோ சொல்லுதான். விசாகத்துக்காரங்களை வேலையை விட்டு நிப்பாட்டப் போறீங்களாம்?"

"ஆமா, அவன் எவனா இருந்தாலும் இன்னைக்கே அனுப்புவேன். போனை வை, எனக்கு நேரமில்ல."

"அந்தப் பெட்டிக்க நெத்தில வெள்ளையா ஒரு ஸ்டிக்கர் இருக்குமோ? வி, ஐ, எஸ், ஏன்னு?"

மஹேஷ் மேஜையின் மேல் பாதி உடம்போடு சாய்ந்தான். "அம்மா! எங்க பாத்தேள்?"

"நம்ம வீட்டு மச்சிலதான். அஞ்சுகிட்ட பேசுத பெட்டி. ஆறு மாசமாச் சும்மா கிடந்துது, இன்னைக்குக் காலம்பற ஆன் பண்ணினேன். இவரு அதை டி.வி.ன்னு நினைச்சுக்கிட்டிருக்காரு."

பெருமாள் விரலை கீபோர்டிலிருந்து எடுத்தார். ஹாலில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"நம்ம வீட்டுலயா? நம்ம வீட்டுல எவம்ட்டி விசாகம்?"

"நீங்கதான், நம்ம கல்யாணத்துக்கு ரஜ்ஜுப் பொருத்தம் தட்டுதுன்னு உங்க அம்மை உங்களுக்கே தெரியாம பொறந்த நேரத்தைத் தள்ளி அனுஷம்னு எழுதி வச்சா, கிருஷ்ணகுமாரு பெட்டியை வைக்க வந்து கேட்டப்போ நான் உள்ளதைச் சொன்னேன், இந்தா, பிளக்கைப் பிடுங்கிட்டேன், இனி அது பூட்டாது, நீங்க அடிங்க."